இரண்டு கட்டம் மேலே

ஜியாங்நிங் நகரத்தில் என் கையெழுத்தை மோசம் என்று சொன்னவன் ஒருவனும் கிடையாது. பதினெட்டு வருடம் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்த ஹுவோ நான். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாகாணத் தேர்வு வந்தால் நகல் எடுக்க முதலில் என்னைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்ட நான் அந்த இலையுதிர்காலத்தில் ஒரு தாளைக் கோழி கிளறியதுபோல எழுதிப் பதினைந்து பிரம்படி வாங்கினேன். வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன். நல்ல காரியம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வேறு எழுதினேன்.

எங்கள் வேலை இதுதான். தேர்வு எழுதுகிறவர்கள் கறுப்பு மையில் எழுதுவார்கள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக, பேரை மடித்து ஒட்டி முத்திரை போட்டு, மேலே ஓர் எண்ணை மட்டும் எழுதி எங்களிடம் தருவார்கள். நாங்கள் அதைச் சிவப்பு மையில் வரிக்கு வரி நகல் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒத்துப் பார்க்கிறவருக்கு மஞ்சள் மை. திருத்துகிறவர்களுக்கு நீல மை. எங்கள் கூடத்தில் ஒரு சொட்டுக் கறுப்பு மை அகப்பட்டாலும் தோலை உரித்துவிடுவார்கள். உள்ளே நுழையும்போது செருப்பைக்கூடக் கழற்றித் தட்டிப் பார்ப்பார்கள்.

தேர்வாளர்கள் பார்ப்பது எங்கள் சிவப்பு நகலை மட்டும்தான். தேறியவர்களின் கறுப்பு மூலத்தை மட்டும் கடைசியில் பிரித்து, சிவப்போடு சேர்த்துக் கட்டித் தலைநகருக்கு அனுப்புவார்கள். அங்கே குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். தேறாதவர்களின் மூலத்தை ஒரு நாயும் திரும்பிப் பார்க்காது.

அந்த முறை மூன்றாம் அமர்வில் கேட்டிருந்த கேள்வி: ஹான், தாங், சோங், மிங் ஆகிய வம்சங்களில் படையில் எது வலியது, தானியத்தில் எது, எல்லையில் எது? நிறைகுறைகளை எடுத்துச் சொல்லி, நிகழும் நம் வம்சம் இவற்றை எவ்வாறு விஞ்சுகிறது என்று விளக்குக.

பதில் கேள்வியிலேயே இருக்கிறது. ஹானுக்கு நாலு வரி, தாங்குக்கு நாலு வரி, எல்லாவற்றையும் நம் சிங் வம்சம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது என்று பத்து வரி. பன்னிரண்டு நாள் இதையே நகல் எடுத்து எனக்குக் கனவிலும் தாங் குதிரைப்படை ஓடியது.

எனக்கு எதிரே உட்கார்ந்து ஒத்துப் பார்த்தவர் கெங். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வேறொரு மாவட்டத்து எழுத்தர். உப்பு வாத்து இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. தாங் வம்சத்தை யாராவது குறை சொன்னாலும் இறங்காது.

“ஒலகத்துல பாதி நாடு தாங் வாசல்ல கை கட்டி நின்னுச்சு தம்பி. தெரிஞ்சுக்க.”

“நின்னுச்சு அண்ணே. அப்புறம் சொந்தத் தளபதி ஒருத்தன் படையெடுத்து வந்ததும் உங்க ராஜா ஊரை விட்டே ஓடினாரு.”

“அதெல்லாம் ஒரு தடவை.”

“ஓடறதுல என்ன ஒரு தடவை, ரெண்டு தடவை?”

“சரி, உனக்கு எது ஒசத்தி? சோங்கா? காசு கப்பலேறிக் கடல் தாண்டிப் போச்சுன்னு பெருமை பேசுவியே.”

“காசு போச்சு, நாட்டுல வடக்குப் பாதியும் போச்சு. எனக்கு எதுவும் ஒசத்தி இல்ல அண்ணே. எவன் ஆண்டாலும் நான் எழுத்தன்தானே.”

“வாய மூடிட்டு எழுது.” அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பார்க்க வேண்டிய காலம் அது. அரசு ஆட்கள் வீடு வீடாகப் புகுந்து பழைய புத்தகங்களைப் பறித்துக்கொண்டு போன ஆண்டுகள். பக்கத்து மாவட்டத்தில் ஒரு பள்ளி ஆசிரியர், போன வம்சமான மிங்கைப் பற்றி ஒரு முன்னுரையில் என்னவோ எழுதிவிட்டார் என்று, குடும்பத்தையே சங்கிலியில் கட்டி இழுத்துப் போனார்கள். மருமகள் கையில் பால்குடிக் குழந்தை இருந்ததாம். என்ன எழுதினார் என்று கேட்கக்கூட யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

பதின்மூன்றாம் நாள் காலை ‘கடல் அறுபத்து மூன்று’ என்ற எண்ணிட்ட தாள் என்னிடம் வந்தது.

நகல் எடுக்கிறவன் படிக்கக் கூடாது. படித்தால் வேகம் போய்விடும், வரி தப்பும். கண் பார்க்கும், கை எழுதும், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாளில் மூன்றாவது வரியிலேயே கை நின்றுவிட்டது.

‘வம்சத்தின் வலிமையை எல்லோரும் எல்லையில் நின்று அளக்கிறார்கள். நான் உடைந்த ஆற்றங்கரையில் நின்று அளக்கிறேன். கரை உடைந்த நாளிலிருந்து அரசின் முதல் அரிசிப் படகு வந்து சேரும் நாள்வரை எத்தனை நாள்?’

பிறகு ஏடுகளிலிருந்து எடுத்துக்காட்டிக்கொண்டே போகிறார். ஹானில் எந்த ஆண்டு, எந்த ஆறு, எத்தனை நாள். தாங்கில் எத்தனை. போர்க்களத்தில் எல்லோரிடமும் உதை வாங்கிய சோங்தான் அவர் கணக்கில் முதலில் வந்தது. சரியா தப்பா என்று சொல்ல எனக்குப் படிப்பில்லை. கடைசியில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். ஒரு வம்சத்துக்கு ஒரு வரி. ஹான், இத்தனை. தாங், இத்தனை. சோங். மிங். அதற்குப் பக்கத்தில்:

‘சிங்: நாற்பத்தொரு நாள். இதை நான் ஏட்டில் பார்க்கவில்லை, கூரைமேல் உட்கார்ந்து எண்ணினேன். பத்தொன்பதாம் நாள் கூரையில் ஐந்து பேர் இருந்தோம். நாற்பத்தொன்றாம் நாள் நான் இருந்தேன்.’

எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோதுதான் அந்த வரி எங்கே தொடங்குகிறது என்பது உறைத்தது. நாங்கள் மேலிருந்து கீழாகக் கட்டங்களில் எழுதுகிறவர்கள். தாளின் உச்சியில் இரண்டு கட்டம் எப்போதும் வெறுமையாக இருக்கும். பேரரசரோ நம் வம்சமோ எழுத்தில் வந்தால், இருக்கும் வரியை அப்படியே பாதியில் விட்டுவிட்டு, புது வரியை மற்ற எல்லா வரிகளையும்விட இரண்டு கட்டம் மேலே தொடங்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். இந்த மனிதர் சிங் வம்சத்தை ஹானுக்கும் மிங்குக்கும் சமமாக, ஒரு கட்டம்கூட உயர்த்தாமல், அதே தரையில் நிறுத்தியிருந்தார்.

“அண்ணே, இதப் பாருங்க” என்று தாளைத் தள்ளினேன்.

கெங் படித்தார். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்துப் போனது. “தாள் வாங்குற எடத்துலயே இதப் புடிச்சிருக்கணுமே? அவனுங்க கண்ணு என்ன புடரியிலயா இருக்கு?”

“பத்தாயிரம் தாளு அண்ணே. தூங்கியிருப்பானுங்க.”

“இப்ப நாம தூங்க முடியாது. அதிகாரிகிட்ட குடுத்துடு. விதி மீறின தாள்னு பேரை வெளிய ஒட்டிடுவாங்க. அதோட போச்சு.”

“எதோட போச்சு? மறந்துபோய் உயர்த்தாம விட்டிருந்தா அதோட போகும். இது என்ன எடத்துல மறந்திருக்கார்னு பாருங்க. மிங்குக்குப் பக்கத்துல! அதுவும் கூரைக்கதையோட! அந்த வாத்தியாரை இழுத்துட்டுப் போனாங்களே, அது ஞாபகம் இருக்கா?”

கெங் மஞ்சள் தூரிகையை உதட்டில் வைத்துக் கடித்தார். “அப்ப நீயே நகல்ல ரெண்டு கட்டம் தூக்கி எழுதிடு. நான் ஒத்துப்போகுதுன்னு புள்ளி வெச்சிடறேன்.”

“தேறிட்டாருன்னா? மூலத்தைப் பிரிப்பாங்களே. தலைநகர்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா அவரு, நான், நீங்க மூணு பேரும் ஒரே வண்டியில போவோம்.”

“தேறுவானா என்ன?”

“படிச்சீங்கல்ல அண்ணே? தேறாம இருப்பாரா?”

அவர் தாளை மறுபடி கடைசிவரை படித்து என் பக்கம் தள்ளினார். அது சுமாரான கட்டுரையாக இருந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. எனக்கு அந்த முகம் தெரியாத ஆள்மேல் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு எழுதத் தெரிந்த மனிதருக்கு இரண்டு கட்டம் தூக்கத் தெரியாதா?

வழி ஒன்றுதான் இருந்தது. அவரைத் தோற்கடிக்க வேண்டும். நான் புதுத் தாளை எடுத்தேன். தூரிகையை இடக்கைக்கு மாற்றினேன். மையைத் தண்ணீராகக் கரைத்தேன். எழுத்தை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி, அங்கங்கே ஒரு வாக்கியத்தை விழுங்கி, அந்த வரிசையில் கடைசி வரியைக் கூரையோடு சேர்த்து அப்படியே விட்டுவிட்டு, ஒரு மூலையில் மையைச் சிந்தியும் வைத்தேன். என் வாழ்நாளில் நான் படித்ததிலேயே நல்ல கட்டுரையை என் வாழ்நாளிலேயே மோசமான கையெழுத்தில் எழுதி முடித்தேன். கெங் கண்ணை மூடிக்கொண்டு மஞ்சள் புள்ளி வைத்தார்.

அதிலிருந்து மூன்றாம் நாள் நீல மையில் ‘படிக்க முடியவில்லை, தள்ளுக’ என்று எழுதி வந்தது. மேற்பார்வை அதிகாரி என்னைக் கூப்பிட்டு, எல்லா எழுத்தர்களையும் சுற்றி நிற்கவைத்து, பதினைந்து அடி கொடுக்கச் சொன்னார். ஐந்தாவது அடிக்குமேல் நான் எண்ணவில்லை. வலி இருந்தது, ஆனாலும் உள்ளுக்குள் ஒரு கர்வம். ஒரு குடும்பத்தையே காப்பாற்றியிருக்கிறேன், எவனுக்கும் தெரியாது. கெங் முதுகுக்கு மருந்து தடவிக்கொண்டே, “நீ தாங் காலத்துல பொறந்திருக்க வேண்டியவன்டா” என்றார். அதற்குமேல் அவரால் ஒருவரைப் புகழ முடியாது. என் தோலையும் அவர் தோலையும் காப்பாற்றிக்கொண்டோம் என்பதை நாங்கள் இருவருமே பேசவில்லை.

தேறியவர்களின் பட்டியல் ஒட்டிய பிறகு, தேறாதவர்கள் வந்து தங்கள் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கறுப்பு, சிவப்பு இரண்டும் கிடைக்கும். பத்து நாள் அவகாசம். முதுகு காயம் ஆறாதவன் வீட்டுக்கு எங்கே போகப் போகிறான் என்று என்னையே அந்த மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள். வருகிறவர் பேரைச் சொல்வார். நான் கட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவேன். சிலர் அங்கேயே அழுதார்கள். ஒருவர் தேர்வாளர் குடும்பத்தை ஏழு தலைமுறைக்குத் திட்டிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் முற்பகல் ஒல்லியான ஒரு மனிதர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, முழங்கையில் ஒட்டுப் போட்ட நீல அங்கி. “பாங் ரூலின்” என்றார். பேரைத் தேடி எடுத்தேன். எண்ணைப் பார்த்தேன். கடல் அறுபத்து மூன்று.

இரண்டு தாளையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் முற்றத்து மரத்தடியில் உட்கார்ந்து, முதலில் நீல வரியைப் படித்தார், பிறகு சிவப்பை, பிறகு கறுப்பையும் சிவப்பையும் பக்கத்தில் வைத்து. வெகுநேரம் கழித்து எழுந்து வந்தார்.

“இதை நகல் எடுத்தது யாருங்க?”

“எங்களுக்கு எப்படித் தெரியும்யா? நூத்துக்கணக்குல ஆளுங்க. எவனாவது கைவலிக்காரனா இருப்பான்.”

“இருக்கலாம்.” அவர் குரலில் கோபமே இல்லை. “ஆனா பாருங்க, தாள் பூரா அங்கங்க ஒரு வாக்கியம் காணோம். கடைசியில மட்டும் நாலு வாக்கியம் மொத்தமா காணோம். அதுக்கு முன்னாடி இருக்கற நாலு வரியில ஒரு எழுத்து விட்டுப்போகல. கைவலிக்காரனுக்கு எதை விடணும்னு எப்படிங்க தெரிஞ்சுது?”

நான் அங்கேயே வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் முதுகெல்லாம் தழும்போடு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நன்றியாவது கிடைக்காதா என்ற நப்பாசை. மேஜைமேல் குனிந்து மெதுவாகச் சொன்னேன்: “நான்தான்யா. அடியும் வாங்கினேன். நம்ம வம்சத்தைத் தூக்கி எழுத மறந்துட்டீங்க. அதுவும் எந்த எடத்துல! அதைக் கண்டிருந்தா இந்நேரம் என்ன ஆகியிருக்கும்? உங்க குடும்பத்தையே காப்பாத்தியிருக்கேன்.”

“எந்தக் குடும்பத்தை?” என்று கேட்டார்.

சத்தியமாக, தெரியாதவரைப் போலத்தான் கேட்டார். கூரைமேல் மிஞ்சியது யார் என்று நான் படித்திருந்தேன். படித்து அழுதும் இருந்தேன். அப்புறமும் ‘உங்க குடும்பம்’ என்கிறேன். அடச்சே, அந்த நிமிடம் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

“மறந்துதான் விட்டுட்டீங்கன்னு நெனச்சோம்” என்று முனகினேன்.

“மறந்தா? முப்பது வருஷமா எழுதறவன்யா நான். தூக்கத்துல எழுப்பி எழுதச் சொன்னாலும் கை தானா ரெண்டு கட்டம் மேல போயிடும். அந்த ஒரு எடத்துல போகாம இருக்கறதுக்கு மூணு வருஷம் வீட்டுல ஒக்காந்து பழகினேன். ஒரு கையால இன்னொரு கையைப் புடிச்சுக் கீழ எறக்கி எறக்கிப் பழகினேன்.” அவர் கறுப்புத் தாளை என் முன்னால் விரித்தார். “ஒசரம் அளக்கறப்ப எல்லாரும் ஒரே தரையில நிக்கணும். ஒருத்தனை மட்டும் மணை மேல ஏத்திவெச்சுட்டு அளந்தா அது அளவாய்யா?”

“தலை போயிருக்கும்யா.”

“போயிருக்கும். போறதுக்கு முன்னாடி, பெரிய எடத்துல ஒருத்தனாவது கடைசி வரி வரைக்கும் படிச்சிருப்பான். நான் கேட்டது அவ்வளவுதான்.” பிறகு, “படிக்காம எழுதறதுதானே உங்க வேலை?” என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“யாரு சொல்லி இப்படிச் செஞ்சீங்க? தேர்வாளரா?”

“இல்லீங்க. அவரு இதைப் பார்க்கவே இல்ல.”

“மேற்பார்வை அதிகாரி?”

“அவரு என்னை அடிச்சாருங்க.”

“அப்ப யாரு?”

“யாரும் சொல்லலீங்க.”

பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அவர் நகரவில்லை. மேஜையோரம் கிடந்த கட்டம் போட்ட வெற்றுத் தாள் ஒன்றை இழுத்து என் முன்னால் வைத்தார்.

“எழுதுங்க. நான் எழுதினபடியே, அந்தக் கடைசி வரிசையை மட்டும். இந்த ஊர்ல ஒரு ஆளாவது அதை முழுசா எழுதினான்னு இருக்கட்டும். என் கண் முன்னாடி எழுதுங்க. எடுத்துட்டுப் போயிடறேன்.”

பட்டப்பகல். சுற்றிலும் ஆட்கள். அந்தத் தாள் என் கையெழுத்தோடு வெளியே போனால் என் கதி என்ன என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் எழுதத்தான் முடிவு செய்தேன். இதை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி. பயந்து ஒருமுறை கெடுத்தாயிற்று, இனியாவது மனிதனாக இருப்போம் என்று தோன்றியது. பதிவேட்டுக்கு வைத்திருந்த கறுப்பு மையைக் கெட்டியாக உரைத்தேன். தூரிகையை வலக்கையில் பிடித்தேன். கை நடுங்கவே இல்லை.

ஹான் வரியை எழுதினேன். தாங் வரியை எழுதினேன். சோங், மிங். பதினெட்டு வருடத்தில் அவ்வளவு அழகாக நான் எழுதியதில்லை. அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார். அவர் மூச்சு என் காதில் பட்டது. அடுத்த வரிக்குத் தூரிகையை நனைத்து எடுத்தேன். சமமாக, அதே தரையில் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேதான் வைத்தேன்.

எழுத்து முழுசாக விழுந்த பிறகுதான் பார்த்தேன். ‘சிங்’ என்ற எழுத்து, ஈரம் காயாமல், கச்சிதமாக, மற்ற நாலு வரிகளையும்விட இரண்டு கட்டம் மேலே இருந்தது.

கையை இழுத்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை. திட்டுவார், தாளைக் கிழித்து முகத்தில் எறிவார் என்று காத்திருந்தேன்.

“நான்தான் தப்பா அளந்துட்டேன்” என்றார் பாங் ரூலின், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. “படகு வர்ற நாளைப் போய் எண்ணிட்டிருந்தேன் பாருங்க. யாரும் சொல்லாமயே ஒருத்தன் கை தானா மேல போகுதே, ஹானுக்கோ தாங்குக்கோ இது முடிஞ்சிருக்குமா? நம்ம வம்சந்தான்யா பெருசு.”

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். தன் கறுப்புத் தாளை மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டார். நான் எழுதிய இரண்டையும், பழைய சிவப்பையும் இந்தக் கறுப்பையும், மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.